பெரம்பலூர் தீவு

பெரம்பலூர் மாவட்டத்தைச் சுற்றி ராத்திரியோடு ராத்திரியாகக் கடல் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாடாலூரில் துறைமுகம். நம்மிடம் விளையும் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தியைக் கப்பலேற்றி விற்போம், அது ஏற்றுமதி. பெட்ரோல், செல்போன், மாத்திரை எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும், அது இறக்குமதி. (உப்பை மட்டும் நாமே காய்ச்சிக்கொள்ளலாம்!) விற்ற தொகையில் வாங்கிய தொகையைக் கழித்துப் பாருங்கள். அதுதான் வணிகச் சமநிலை. மிஞ்சினால் உபரி, துண்டு விழுந்தால் பற்றாக்குறை.

நிஜமாகவே இப்படி ஒரு நாடு இருக்கிறது: மாலத்தீவு. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்ட மக்கள் சுமார் 5.65 லட்சம், 2022இல் மாலத்தீவில் 5.15 லட்சம். ஆனால் அங்கே சுமார் 1,200 தீவுகளின் நிலத்தையும் ஒட்டவைத்தாலும் 300 சதுர கிலோமீட்டர்தான். நம் மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு!

அவர்கள் முக்கியமாக விற்பது சூரை மீன். வாங்குவதோ அரிசி, எண்ணெய், வெங்காயம், முட்டை என்று கிட்டத்தட்ட எல்லாமே. 1981இல் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா ஆண்டுதோறும் அத்தியாவசியப் பொருள்களை அனுப்புகிறது. 2024-25க்கு அனுமதித்த பட்டியலில் 42 கோடிக்கும் மேல் முட்டை, 10 லட்சம் டன் ஜல்லி, இன்னொரு 10 லட்சம் டன் ஆற்று மணல்!

நாலு பக்கமும் கடற்கரை உள்ள நாடு மணலை ஏன் காசு கொடுத்து வாங்குகிறது?

அந்தத் தீவுகள் பவளப் பூச்சிகள் கட்டியவை. குண்டூசித் தலை அளவு உயிரிகள் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டும். கிளி மீன் அந்தப் பவளப் பாறையைக் கடித்து அரைத்து, ஜீரணமாகாத சுண்ணாம்பைக் கழிவாக வெளியே தள்ளும். மாலத்தீவின் வெள்ளை மணலில் கணிசமான பங்கு கிளி மீனின் கழிவுதான். சிரிக்காதீர்கள், உண்மை! அந்த மணலில் உப்பு இருப்பதால் கான்கிரீட்டில் போட்டால் கம்பி துருப்பிடிக்கும். ஜல்லி உடைக்கக் கருங்கல்லும் கிடையாது, மணல் தர ஆறும் கிடையாது.

முன்பெல்லாம் பவளத்தையே வெட்டிக் கட்டினார்கள். மாலே நகரில் 1658இல் கட்டிய பவளக்கல் மசூதி இன்றும் நிற்கிறது. ஆனால் பவளத்திட்டுதான் அலையைத் தடுக்கும் சுவர். தரை கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரமே. சுவரை இடித்தால் அலை வீட்டுக்குள் வந்துவிடும்.

நம் அரியலூரிலும் அதே சுண்ணாம்புதான். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சிச் சுரங்கத்துக் கல்லில் கைப்பிடி அளவு சிப்பிகள் இன்றும் தெரியும். அந்தக் கல்லைக் களிமண்ணோடு அரைத்து, சுமார் 1,450 டிகிரியில் சுட்டு, ஜிப்சம் சேர்த்துப் பொடித்தால் சிமெண்ட். கடல் எப்போதோ பின்வாங்கிவிட்டதால் இங்கே தோண்டினால் அலை வராது. (லாரிப் புழுதி வரும், அது தனிக்கதை.)

சரி, மாலத்தீவில் விழும் பெரிய துண்டை எதைக் கொண்டு அடைக்கிறார்கள்? பவளத்தைப் பார்க்க வருபவர்களின் பணத்தால். 2024இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். நாமக்கல் முட்டை மாலேயில் இறங்கும்போது அது சரக்குக் கணக்கில் இறக்குமதி. அதையே ஆம்லெட்டாக்கி வெளிநாட்டுப் பயணிக்கு விற்றால், அந்த டாலர் சேவைக் கணக்கில் வரவு. 2020 மார்ச் இறுதியில் கொரோனாவால் கதவடைத்தபோது அந்த வரவு நின்றுபோனது. ஊர்க்காரர்களுக்கு முட்டை மட்டும் வழக்கம்போல வாங்க வேண்டியிருந்தது.