ஐஸ் பெட்டிக்கு முந்தைய நிமிடங்கள்

தானமாகக் கிடைத்த உறுப்போடு ஆம்புலன்ஸ் விரைவதையும், அதற்காகப் போலீசார் சிக்னல்களைத் திறந்துவிடுவதையும் சென்னை 2008 முதல் பார்த்துவருகிறது. பார்த்துப் பார்த்து, நேரக் கணக்கு அந்த வண்டி கிளம்பும்போதுதான் தொடங்குகிறது என்ற எண்ணம் நமக்குப் பதிந்துவிட்டது. கல்லீரல் விஷயத்தில் அது தவறு. கும்மிடிப்பூண்டி போல நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் தொழிற்பேட்டைகளுக்கு ஆபத்தான தவறு.

குளிர்ந்த கரைசலில், ஐஸ் பெட்டிக்குள், கல்லீரல் சுமார் 12 மணி நேரம் தாங்கும். இதயத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரமே. ஏறத்தாழ 4 டிகிரியில் கல்லீரல் செல்களின் ஆக்சிஜன் தேவை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால் கிடைக்கும் அவகாசம் இது. அதே கல்லீரல் உடல் சூட்டில் ரத்தமின்றிக் கிடந்தால் நிமிடங்களைத்தான் எண்ண வேண்டும். கல்லீரல் அறுவையில் ரத்தக்குழாய்களை வேண்டுமென்றே இறுக்கிப் பிடிக்கும் முறையை கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் 1908-ல் எழுதினார். இன்றும் பலர் 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்திவிட்டே தொடர்கிறார்கள். கொழுப்பு படிந்த கல்லீரலுக்குத் தாங்குதிறன் இன்னும் குறைவு. குடிப்பழக்கமும் சர்க்கரை நோயும் பரவிய நம் ஊரில் அது அரிதானதல்ல.

இனி, கொல்கத்தா நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி விழுந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். ரத்தம் இழக்கும் உடல், மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்க, கல்லீரலுக்குப் போவதைக் குறைக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சுமார் 45 கிலோமீட்டர். அவருக்கு மூளைச்சாவு நேர்ந்தால் அடுத்த சரிவு தொடங்கும்: ரத்த அழுத்தம் விழும், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் நின்று, லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போகும், ரத்தத்தில் சோடியம் ஏறும். மூளைச்சாவை உறுதிசெய்ய, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு பரிசோதனைகள் வேண்டும் என்கிறது உறுப்பு மாற்றுச் சட்டம். அந்த நேரத்தில் ‘இனி என்ன இருக்கிறது’ என்று கவனிப்பு தளர்ந்தால், ஐஸ் பெட்டியைக் காணுமுன்பே கல்லீரல் பாதி கெட்டுவிடும்.

இந்தச் சேதம் உடனே தெரியாது என்பதே பெரிய கவலை. ரத்தம் மீண்டும் பாயும்போது, பட்டினி கிடந்த செல்களில் ஆக்சிஜனே நச்சாகிக் காயத்தைப் பெருக்குகிறது. கல்லீரல் செல்களுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது. பித்தநாளங்களோ பெரும்பாலும் தமனி ஒன்றையே நம்பியிருப்பவை. அவை மெல்லச் சுருங்கி அடைபடும். அந்தக் கல்லீரலைப் பெற்று நலமாக வீடு திரும்பியவர் சில மாதங்களில் மஞ்சள் காமாலையோடு வருவார். இன்னொரு கல்லீரல் தேட வேண்டிய நிலையும் வரலாம்.

சாலையில் அடிபட்டவரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. அதற்கான சிகிச்சைதான் கல்லீரலையும் காக்கிறது. தொழிற்பேட்டையில் அது ஆலையிலேயே தொடங்கலாம்: 500 பேருக்கு மேல் வேலைசெய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ரத்தம் கொட்டும் இடத்தை அழுத்திப் பிடிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு ஷிப்டிலும் அங்கே இருக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யாத மருத்துவமனையும், உறுப்பை எடுப்பதற்கு மட்டும் பதிவு செய்துகொள்ள உறுப்பு மாற்றுச் சட்டம் இடம் தருகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு வைத்திருக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் அதைச் செய்ய வேண்டும். மூளைச்சாவுக்குப் பின்னும் ரத்த அழுத்தத்தையும் சோடியத்தையும் மணிக்கு மணி பார்க்க நர்ஸ் ஒருவரை அங்கே நிறுத்த வேண்டும்.