கிளட்ச் லீவர் திடீர்னு ‘தொளதொள’ ஆகிடுச்சா? டர்ட் பைக் ஹைட்ராலிக் கிளட்ச்சில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் கியர், டயருக்கு அடியில் உருளும் கற்கள். கிளட்ச்சைப் பாதி பிடித்து, பாதி விட்டு பைக்கை மேலே ஏற்றுகிறீர்கள். காலையில் கிளம்பும்போது நன்றாக இருந்த லீவர், இப்போது பொசுக்கென்று ஹேண்டில்பார் வரை உள்ளே போகிறது. முழுசாகப் பிடித்தும் பைக் நிற்காமல் முன்னால் தள்ளுகிறது.

இந்த நேரத்தில் பலருக்கும் முதலில் வரும் சந்தேகம், ‘கிளட்ச் பிளேட் போயிடுச்சு போல’ என்பதுதான். உடனே இன்ஜினைப் பிரித்து, ஆயிரக்கணக்கில் செலவு செய்து பிளேட் மாற்றுவார்கள். அடுத்த ரைடிலும் அதே தொல்லை. காரணம், கோளாறு பிளேட்டில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் ஆயில் லைனில். எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

கேபிளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாம் தினமும் ஓட்டும் பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் லீவரை இன்ஜினோடு இணைப்பது ஒரு கம்பி, அதாவது கேபிள். ஹைட்ராலிக் கிளட்ச்சில் கம்பிக்குப் பதில் ஆயில். லீவரைப் பிடித்தால் ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் ஹோஸ் வழியாக இன்ஜின் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய், ஒரு ராடைத் தள்ளி, கிளட்ச் பிளேட்களைப் பிரிக்கும். அவ்வளவுதான்.

டர்ட் பைக்குகளில் கேடிஎம் இதை நீண்ட காலமாகப் பயன்படுத்துகிறது. கவாஸாகி 2019 மாடல் கேஎக்ஸ்450-யிலும், ஹோண்டா 2021 மாடல் சிஆர்எஃப்450ஆர்-இலும் கொண்டுவந்தன. 2024 நவம்பரில் கேடிஎம் தனது எண்டூரோ, மோட்டோகிராஸ் பைக்குகளை இந்தியாவிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேபிளிலேயே பழகிய நம்ம ஊர் கைகளுக்கு இது கொஞ்சம் புதுசு.

முதலில் மூடியைப் படியுங்க

எந்த வேலையாக இருந்தாலும், ஹேண்டில்பாரில் இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியைத் துடைத்துவிட்டு அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சில சிஸ்டங்களுக்கு ‘பிரேக் ஆயில்’ என்று நாம் சொல்லும் டாட் 4 அல்லது டாட் 5.1. சிலவற்றுக்கு மினரல் ஆயில். மகுரா தயாரித்த கிளட்ச்களுக்குப் பொதுவாக மினரல் ஆயில்; கேடிஎம்-இல் வரும் பிரெம்போ கிளட்ச்களுக்குப் பொதுவாக டாட் வகை. ஒரே கம்பெனி பைக்கிலும் மாடல் மாறும்போது இது மாறலாம் என்பதால், ‘ஃப்ரெண்டோட பைக்குல இதான் ஊத்தினாங்க’ என்பது ஆதாரம் ஆகாது. ஆயிலின் நிறத்தை வைத்தும் முடிவு செய்யக் கூடாது. மூடியில் எழுத்து அழிந்திருந்தால் மேனுவலைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். ஊற்றிய அன்று எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். பிறகு லீவர் சிக்கும், ஆயில் கசியும். மாஸ்டர், ஸ்லேவ் இரண்டையும் பிரித்து சீல் மாற்ற வேண்டிவரும். நூறு ரூபாய் ஆயிலில் தொடங்கும் தவறு, பெரிய பில்லில் போய் முடியும். இன்னொன்று: டாட் 5 என்பது சிலிக்கான் வகை. அது டாட் 5.1 இல்லை. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

ஆயில் அளவு என்ன சொல்லுது?

மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். பிரேக்கில் பேட் தேயத் தேய ஆயில் அளவு இறங்கும் அல்லவா? கிளட்ச்சில் இது தலைகீழ். பிளேட் தேயத் தேய ராட் பின்னால் வந்து, ஆயிலை மேலே தள்ளும். அதனால் டப்பாவில் அளவு ஏறும்.

ஆக, அளவு இறங்கியிருந்தால் அது தேய்மானம் இல்லை, எங்கேயோ கசிவு. மேலே ஊற்றிவிட்டு மூடிவிடாதீர்கள். லீவருக்கு அடியில், ஹோஸ் இணைப்புகளில், முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். செயின் அடிக்கும் சேறு அந்த இடத்தில்தான் அப்பிக்கொள்ளும் என்பதால், கழுவிவிட்டுப் பார்ப்பது நல்லது. வெளியே ஒரு சொட்டு கூட இல்லாமல் அளவு மட்டும் குறைகிறதா? ஸ்லேவ் சீல் வழியாக இன்ஜினுக்குள் போக வாய்ப்பு உண்டு.

அளவு ஏறும் என்பதால் டப்பாவை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. கேடிஎம் மேனுவல்களில் மேல் விளிம்புக்கு 4 மி.மீ. கீழே இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள்.

லீவர் சொல்லும் அறிகுறிகள்

*பஞ்சு மாதிரி இருக்கு. நாலு தடவை அமுக்கினா சரியாகுது:* லைனில் காற்று இருக்கிறது. ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். நீங்கள் கொடுக்கும் அழுத்தம் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது.

*பிடிச்சே வெச்சிருந்தா மெதுவா உள்ளே இறங்குது:* வெளியே கசிவு இல்லை என்றால் மாஸ்டர் அல்லது ஸ்லேவ் சிலிண்டர் சீல் மீது சந்தேகப்படலாம்.

*காலையில் நல்லா இருக்கு, சூடானா காணாமப் போகுது:* பழைய ஆயில். டாட் வகை ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவுகோல் 155 டிகிரிதான். மேட்டில் கிளட்ச்சைத் தேய்த்துக்கொண்டே போகும்போது ஸ்லேவ் பக்கம் சூடேறி, ஆயிலில் குமிழி வந்தால் லீவர் உள்ளே போய்விடும். ஆறிய பிறகு மறுபடி வரும். ‘தானா சரியாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்.

*லீவரை விட்ட பிறகும் கிளட்ச் ஸ்லிப் ஆகுது:* சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பிளேட் தேய்மானமாக இருக்கலாம். ஆனால், சூடான பிறகு மட்டும் இப்படி என்றால், டப்பாவின் அடியில் இருக்கும் ஊசித் துளை அடைத்திருக்கலாம். அல்லது லீவருக்குக் கொஞ்சம் கூட ஃப்ரீ ப்ளே இல்லாமல் இருக்கலாம். விரிந்த ஆயில் திரும்பப் போக வழியில்லாமல் கிளட்ச்சைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும். இன்ஜின் ஆயிலையும் கவனியுங்கள். கார் ஆயில் ஊற்றினால் ஸ்லிப் ஆகலாம். ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும்.

*லீவர் கெட்டியா இருக்கு, ஆனாலும் பைக் இழுக்குது:* ஆயில் லைன் வேலை செய்கிறது என்று அர்த்தம். இப்போதுதான் இன்ஜின் பக்கம் போகணும். பிளேட் வளைந்திருக்கலாம், பாஸ்கெட்டில் பள்ளம் விழுந்திருக்கலாம்.

ஏர் எடுப்பது எப்படி?

காற்று மேலே போகத்தான் பார்க்கும். அதனால் ஆயிலை மேலிருந்து அமுக்குவதை விட, கீழே ஸ்லேவில் இருந்து மேலே ஏற்றுவது சுலபம். கேடிஎம் மேனுவலும் இந்த முறையைத்தான் சொல்கிறது.

1. டப்பாவை மட்டமாக வைத்து, மூடியைத் திறந்து, பழைய ஆயிலைக் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். சுற்றி ஈரத்துணி போடுங்கள். டாட் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். கையுறை, கண்ணாடி அவசியம்.

2. சிரிஞ்ச், டியூப் இரண்டிலும் புது ஆயிலை நிரப்பி, காற்றை முழுசாக வெளியேற்றிவிட்டு ஸ்லேவ் பிளீடரில் மாட்டுங்கள்.

3. பிளீடரைத் தளர்த்தி மெதுவாக அழுத்துங்கள். மேலே டப்பாவின் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வரும் வரை தொடருங்கள். நிரம்பி வழியாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுங்கள்.

4. பிளீடரை இறுக்கி, அளவைச் சரிசெய்து, மூடியைப் போடுங்கள். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் சுற்ற, லீவர் சரியாகப் பிரிக்கிறதா என்று பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.

இரண்டு முறை ஏர் எடுத்தும் லீவர் நிற்கவில்லை என்றால் சீல் போயிருக்கிறது. அடுத்த பாட்டில் ஆயில் வாங்க வேண்டாம், சீல் கிட் வாங்குங்கள்.

நடுவழியில் மாட்டிக்கிட்டா?

கிளட்ச் சுத்தமாக இல்லை என்றால் பைக்கை நிறுத்த முதலில் தேட வேண்டியது கில் ஸ்விட்ச்சை. கியரில் வைத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள், பாய்ந்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டுப் பாருங்கள். லீவர் திரும்பி வந்தால், அது வீடு வரை மெதுவாக வர மட்டும்தான். இன்னொரு மேடு ஏறிப் பார்க்க இல்லை. கையில் பொருத்தமான ஆயில் இல்லையென்றால் சமையல் எண்ணெயோ, இன்ஜின் ஆயிலோ ஊற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

மூடி, அளவு, கசிவு, காற்று, சீல். இந்த ஐந்தையும் வரிசையாகப் பார்த்து முடித்த பிறகுதான் பிளேட். மெக்கானிக் முதல் வேலையாக இன்ஜின் கவரைக் கழற்றப் போனால், ‘அண்ணே, ஏர் எடுத்துப் பார்த்துட்டீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.