பத்தரை மணிக்கு மேல் ஒரு எல்லைச் சாவடி

வரிசையில் முதலில் வந்தவன் கணவன். பாஸ்போர்ட் சரி, அனுமதிச் சீட்டும் சரி. பச்சை முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். போகிறபோது, அடுத்து என் மனைவி வருகிறாள், அவளிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனான். அவளும் வந்தாள். பாஸ்போர்ட் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லை. கொடுக்க மறுத்துவிட்டார்களாம். திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்களாம்.

அன்றைக்கு நான் ஏற்கெனவே இரண்டு தப்பு செய்திருந்தேன். இரண்டு வரை எச்சரிக்கைதான். மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் கை வைப்பார்கள். வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை. மாமியார் குளிரில் நடுங்குகிறார். வாடகையைக் கட்டினால் கணப்புக்குக் காசில்லை. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் கை நின்றுவிட்டது.

கை நின்றது மவுஸின் மேல்தான். மணி இரவு பத்தரை தாண்டியிருந்தது. என் மாமியார் ஊரில் சௌக்கியமாக இருக்கிறார்.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற இந்த கேம் 2013-இல் வந்தது. உருவாக்கியவர் லூகாஸ் போப், ஜப்பானில் குடியேறிய அமெரிக்கர். புகழ்பெற்ற 'அன்சார்ட்டட்' வரிசையை எடுத்த நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து, தனி ஆளாக இதைச் செய்தார். அடிக்கடி விமானப் பயணம் செய்தபோது குடியேற்ற அதிகாரிகள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்ப்பதைக் கவனித்ததில் பிறந்த யோசனை. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, வருடம் 1982, எல்லையில் ஒரு கூண்டு. குலுக்கலில் இந்த வேலை உங்களுக்கு விழுந்திருக்கிறது. ஒரு தலைக்கு ஐந்து கிரெடிட் என்கிற கணக்கில் கூலி. துப்பாக்கிச் சண்டை கிடையாதா என்றால், எப்போதாவது உண்டு. மற்றபடி பிறந்த தேதி, காலாவதித் தேதி, ஊர்ப் பெயர், முகம், எடை. பத்து வருடத்தில் 50 லட்சம் பிரதிகள் விற்றிருக்கிறது.

"பகல் முழுக்க ஃபைல் பார்க்கிறது போதாதா? ராத்திரியும் பேப்பர்தான் பார்க்கணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

வீடியோ கேம் என்றாலே பிள்ளைகள் சமாச்சாரம் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் போகவில்லை. தொண்ணூறுகளில் டி.வி.யோடு இணைத்து 'கான்ட்ரா'வும் 'மாரியோ'வும் ஆடினோமே, மூன்று லைஃப் தீர்ந்தால் ஜாய்ஸ்டிக்கைத் தம்பியிடம் கொடுக்க வேண்டும், அந்தத் தலைமுறைக்கு இப்போது நரை விழுந்து, வீட்டுக் கடன் தவணை போய்க்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் கேம் தொழில் சங்கம் வருடாவருடம் எடுக்கும் கணக்கில், விளையாடுகிறவர்களின் சராசரி வயது முப்பதுகளின் நடுவில் நிற்கிறது. சராசரி அது என்றால், அதற்கு மேல் எத்தனை பேர் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்கான கேம் எது என்று கடையில் கேட்டால் பெட்டியில் ஒட்டிய முத்திரையைக் காட்டுவார்கள். அந்த முத்திரைக்கு ஒரு கதை உண்டு. 1993-இல் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. 'மார்ட்டல் காம்பாட்'டில் எதிரியின் தலையைத் தண்டுவடத்தோடு பிய்த்து எடுக்கும் காட்சியைப் பார்த்துப் பெற்றோர் அலறியிருந்தார்கள். அரசாங்கம் சட்டம் போடுவதற்குள் கேம் கம்பெனிகளே முந்திக்கொண்டு 1994-இல் ஒரு தரச் சான்று அமைப்பை ஏற்படுத்தின. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்று 'எம்' முத்திரை வந்தது. 'எம்' என்றால் 'மெச்சூர்', அதாவது பக்குவம். ரத்தத்துக்குப் பக்குவம் என்று பெயர் வைத்தார்கள்!

நம் ஊர் சினிமாவின் 'ஏ' சான்றிதழ் மாதிரிதான் இதுவும். யார் பார்க்கக்கூடாது என்று சொல்லும். யார் பார்க்க ஆசைப்படுவார்கள் என்று சொல்லாது. 'எம்' முத்திரை குத்திய கேம்களை ஆடுகிறவர்களில் மீசை முளைக்காதவர்கள் எத்தனை பேர் என்று எந்தத் தெருவிலும் விசாரித்துப் பாருங்கள். நாற்பது வயதில் தலையைப் பிய்த்தெடுப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபமில்லை. ஐந்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கொட்டாவியைவிடக் கொடுமை, கை வராமல் போவது. 2014-இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆடும் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசினார்கள். புதிய காட்சி கண்ணில் பட்டுக் கை செயல்படும் வேகம் 24 வயதிலிருந்தே சரியத் தொடங்குகிறதாம். இருபத்து நான்கு! நமக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கிற வயது அது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. மூத்தவர்கள் அந்த இழப்பை எளிய உத்திகளாலும் குறுக்குவழி விசைகளாலும் ஈடுகட்டிக்கொள்கிறார்கள். வீட்டு வாசலில் கேரம் ஆடும் தாத்தாக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

நேரம் இன்னொரு தொல்லை. 'டார்க் சோல்ஸ்' அருமையான கேம் என்று ஊரே சொல்கிறது. அதில் ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது. நடுச்சண்டையில் குழந்தை அழுதால் ஒன்று குழந்தை அழ வேண்டும், அல்லது நான் சாக வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்தான் செத்தேன். தினமும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பரிசு என்று மிரட்டும் போன் கேம்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். வருகைப் பதிவேடு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மாறாக 2018-இல் வந்த 'செலஸ்ட்' என்ற மலையேற்ற கேமில் ஆட்டத்தின் வேகத்தையே நாம் குறைத்துக்கொள்ளலாம். கேலி செய்யாது, மட்டம் தட்டாது. 'நின்டெண்டோ ஸ்விட்ச்'சில் ஒரு பொத்தானைத் தட்டினால் கேம் அப்படியே உறங்கும். மூன்று நாள் கழித்து எடுத்தாலும் விட்ட இடத்தில் கண் விழிக்கும். என் வயதுக்காரர்கள் பலர் கேமுக்குத் திரும்பி வந்தது கதைக்காகவோ கிராஃபிக்ஸுக்காகவோ இல்லை, இந்த ஒரு பொத்தானுக்காகத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனால் இதெல்லாம் வாசல்படி. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பையனாக இருந்தபோது கேம் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: நீ பெரிய ஆள். உலகத்தையே காப்பாற்றலாம். அன்றைக்கு அது தேவைப்பட்டது. வீட்டில் ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் எடுக்க முடியாத காலம். இப்போது என்னைப் பெரிய ஆள் என்று யாராவது சொன்னால் எதற்கோ அடி போடுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. இன்றைக்கு என்னைப் பிடித்து உட்கார வைக்கிற கேம் வேறு மாதிரிப் பேசுகிறது. உன்னால் முடிந்தது இவ்வளவுதான், அதற்குள் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறது.

எஸ்டோனியாக்காரர்கள் செய்து 2019-இல் வெளியான 'டிஸ்கோ எலிசியம்' இதைச் சிரிக்கச் சிரிக்கக் கேட்டது. நாயகன் நடுவயது போலீஸ்காரன். முந்தின நாள் குடித்த குடியில் தன் பெயரே மறந்துபோய், உள்ளாடையோடு விழிக்கிறான். கூரையில் சுற்றும் மின்விசிறியில் அவன் டை மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை எட்டிப் பறிக்கப் போய் மாரடைப்பு வந்து செத்துப்போகலாம். கேம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இப்படிச் செத்தவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு சண்டை என்று தனியாக ஒன்றும் இல்லை, பேச்சுத்தான். பத்து லட்சம் சொல்லுக்குப் பேச்சு. மண்டைக்குள் 24 குரல்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கின்றன. பாதிக்கு மேல் கெட்ட யோசனை. பகடை உருட்டித் தோற்றால் ஆட்டம் முடிவதில்லை. தோற்ற இடத்திலிருந்து இன்னொரு வழி திறக்கிறது, பல நேரம் ஜெயித்திருந்தால் கிடைப்பதைவிட ருசியாக. தோற்ற பிறகும் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபட்டுவிடும். இருபது வயதில் ஆடியிருந்தால் தோற்றதும் பழைய சேவ் ஃபைலைத் திறந்திருப்பேன்.

இதையெல்லாம் ஒரு நாவல் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். சொல்லும். நாவலால் முடியாத ஒன்றை 2017-இல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' செய்தது. மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த கேம் இதுதான். மொத்தமே இரண்டு மூன்று மணி நேரம். ஒரு பழைய வீடு, அதில் வாழ்ந்து ஒவ்வொருவராக இறந்துபோன குடும்பம். அவர்களில் லூயிஸ் என்ற இளைஞன் மீன் டப்பா தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கன்ட்ரோலரின் வலது குமிழால் ஒரு மீனை இழுக்க வேண்டும், கத்திக்கு அடியில் தள்ள வேண்டும், தலை போனதும் பட்டையில் எறிய வேண்டும். அடுத்த மீன். மறுபடி இழு, தள்ளு, எறி. சற்று நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கற்பனை உலகம் முளைக்கிறது. இடது குமிழால் அதில் நடக்கலாம். வலது கை மீனை விடக்கூடாது. அந்த உலகம் வளர்கிறது, நிறம் ஏறுகிறது, ஆறு வருகிறது, படகு வருகிறது, ஊர்கள் வருகின்றன. அது திரையை மெல்லத் தின்று, கடைசியில் தொழிற்சாலையே கண்ணுக்குத் தெரிவதில்லை. வலது கை மட்டும் தன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு கட்டத்தில் திடுக்கிட்டேன். என் வலது கை மீன் வெட்டுகிறது என்பதையே நான் மறந்திருந்தேன். லூயிஸ் தன் வேலையில் எப்படிக் காணாமல்போனான் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை; என் கையை வைத்தே காட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பையனும் இதை ஆடலாம், ரசிக்கலாம். வருடக்கணக்கில் ஒரே நாற்காலியில் ஒரே வேலையைச் செய்தவன் ஆடும்போது முதுகில் ஏறுகிற சில்லிப்பு அவனுக்குக் கிடைக்க வாய்ப்பில்லை. கேமில் பாதிதான் இருக்கிறது. மீதியை நாம் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

எல்லைச் சாவடிக்கு நான் கொண்டுபோனது ஒரு எழுத்து. அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு நடந்தேன். ஒரு தாளில் 'ராமசாமி', இன்னொன்றில் 'இராமசாமி'. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர் அந்த 'இ'யின் மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் தாளைத் தள்ளினார். முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்கு முறை போய்வந்தேன். பல வருடம் அவரை மனதுக்குள் திட்டினேன். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆடத் தொடங்கிய மூன்றாம் நாள், ஒருவனின் இரண்டு தாள்களில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தேன். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் குதித்தது. மாட்டினான்! சிவப்பு முத்திரையைக் குத்திய பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன். பகலில் நான் தள்ளிவிடும் ஃபைல் எந்த வீட்டில் போய் விழுகிறது என்று எனக்குத் தெரியாது. இரவில் அது ஜன்னலுக்கு முன்னால் நின்று பேசுகிறது.

சோகமாக இருந்தால் போதும், பெரியவர்கள் வந்துவிடுவார்கள் என்று நினைத்துச் செய்கிற கேம்களும் இப்போது வரிசை கட்டுகின்றன. மங்கிய வெளிச்சம், பியானோ, மெதுவாக நடக்கும் ஒரு பெண். பத்து நிமிடம் பார்ப்பேன். நம்மிடம் எதையும் கேட்காமல், கண்ணீரை மட்டும் கேட்கிற கேமுக்கும் தலையைப் பிய்க்கிற கேமுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக 'வெண்பா'. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. மறு வருடம் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. 1988-இல் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தம்பதி வெண்பாவும் பாவலனும். அவர்களுக்கு ஒரு மகன், கவின். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு, கறையும் கிழிசலுமாக. அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும்: இட்லி, புட்டு, பிரியாணி. புதிராகப் பார்த்தால் ரொம்பச் சுலபம், தமிழ்ச் சமையலறையில் வளர்ந்தவர்களுக்கு அதைவிடச் சுலபம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அந்த நீளம் போதுமாக இருந்தது.

என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்த வாரம் அது. கேம் என்றால் என்னவென்றே தெரியாதவர், தூக்கம் வராமல் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் இட்லித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், தப்பாக.

"குழிக்கு நேரா குழி வரக்கூடாதுடா. மேல் தட்டைக் கொஞ்சம் திருப்பி வை."

திருப்பி வைத்தேன். இட்லி வெந்தது. அம்மா எழுந்து போகவில்லை. கவின் வளர்ந்தான், பள்ளிக்கூடம் போனான், அவனுக்குத் தமிழ் தடுமாறியது, வீட்டுச் சாப்பாடு கூச்சமாயிற்று. பிறகு வெளியே போய்விட்ட மகன் வருகிறான் என்று வெண்பா ஒரு விருந்தே சமைக்கிறாள். ஒவ்வொன்றாக நான்தான் கிளறினேன், தாளித்தேன், இறக்கினேன். மேசை நிறைந்தது. மகன் வரவில்லை.

போன பொங்கலுக்கு நான் டிக்கெட்டை கேன்சல் செய்தது அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்? திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவையும் ஃப்ரிட்ஜ்ல வைக்க எடம் இருக்குமா அவளுக்கு?" என்றார்.