யோசனை கூடிய இரவுகள்

“நித்திரை வருகுதில்ல, ஒரே யோசனை.” மட்டக்களப்பில் வைத்தியரிடம் போகிற பலர் இப்படித்தான் தொடங்குவார்கள். மன அழுத்தம், பதகளிப்பு என்ற சொற்கள் அவர்கள் வாயில் வராது. தலைப்பாரம், நெஞ்சுப் படபடப்பு, உடம்புச் சூடு, சாமத்தில் விழிப்பு என்று உடம்பின் கணக்கைத்தான் சொல்வார்கள். 1978 சூறாவளி, நீண்ட போர், 2004 ஆழிப்பேரலை, 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு, 2022 பொருளாதார நெருக்கடி என்று, நித்திரையைப் பறிக்கக் காரணங்கள் வாவியின் இரு கரையிலும் நிறையவே உண்டு.

இந்தத் தொல்லைக்கு ஆயுள்வேதம் என்ன சொல்கிறது? உணவு, நித்திரை, பிரமசரியம் ஆகிய மூன்றையும் உடலைத் தாங்கும் தூண்களாகச் சொல்கிறது சரக சம்ஹிதை. சிகிச்சையையும் மூன்றாகப் பிரிக்கிறது: தெய்வத்தை நாடுவது, மருந்தாலும் உணவாலும் சீர்செய்வது, கெட்ட நினைவுகளிலிருந்து மனதை மீட்பது. ஏட்டைப் புரட்டாதவர்கள்கூட இங்கே இந்த மூன்றையும் செய்துதான் வந்திருக்கிறார்கள்.

தெய்வத்தை நாடுவது முதலாவது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் சடங்கு, குளிர்த்தியோடு நிறைவுபெறும். அம்மனின் சினம் தணிய வேண்டும், ஊரும் குளிர வேண்டும் என்பது நம்பிக்கை. போர்க்காலத்தில், காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டதைப் பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெளியே வாய் திறக்க முடியாத காலத்தில், அழுவதற்கு அங்கே இடம் இருந்தது.

எண்ணெயும் எருமைப்பாலும்

இலங்கையின் 1961ஆம் ஆண்டு ஆயுள்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் எல்லாவற்றையும் ஆயுள்வேதம் என்ற ஒரே பெயருக்குள் அடக்குகிறது. ஆனால் மட்டக்களப்பாருக்கு அது ‘நாட்டு வைத்தியம்’. கைராசிக்காரப் பரியாரியார் முதலில் மருந்து தரமாட்டார். “என்ன மகள், ராவில எத்தின மணிக்குச் சாப்பிடுற? பகல்ல படுக்கிறயா?” என்று நாளையே விசாரிப்பார். பிறகுதான் எண்ணெய் வைத்து முழுகுவது, படுக்குமுன் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்ப்பது, ஒரு சிட்டிகை சாதிக்காய் போட்ட இளஞ்சூட்டுப் பால் என்று ஒவ்வொன்றாக வரும்.

நித்திரை தருவனவற்றுள் முதன்மையானதென்று சரகர் சொல்வது எருமைப்பாலை. எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்புக்கு இது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இரவில் தயிர் கூடாது என்பதும் அதே நூலின் விதி.

சுற்றுலா விடுதிகள் விற்கும் ‘சிரோதாரை’யும் இந்த வழியில் வந்ததே. நெற்றிக்கு மேலே ஒரு பாத்திரம் தொங்கும். அதன் அடித்துவாரத்தில் செருகிய திரி வழியாக இளஞ்சூட்டு எண்ணெய் நூலாக இறங்கி, நெற்றியில் இடவலமாக ஓடித் தலைமயிருக்குள் வழியும். அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். கைத்தொலைபேசியும் பேச்சும் இல்லாத அந்த அரை மணி நேரமே பாதி மருந்து.

மூலிகைதானே என்று எண்ண வேண்டாம்

வல்லாரையை நாம் சம்பலாகத் தின்கிறோம். 2000ஆம் ஆண்டு கனடாவில், நலமாக இருந்த 40 பேரிடம் செய்த சோதனையில், அதைக் குடித்தவர்களுக்குச் சத்தம் கேட்டுத் திடுக்கிடுவது குறைந்தது. அமுக்கரா பற்றிய ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 400 பேருடையதை, 2021இல் தொகுத்துப் பார்த்தபோது நித்திரை சற்று மேம்பட்டது தெரிந்தது. சற்றுத்தான். அதே அமுக்கராவை 2023இல் டென்மார்க் தடைசெய்தது. கர்ப்பிணிகளும், தைராய்டு, ஈரல் நோய் உள்ளவர்களும் அதைத் தொடக்கூடாது.

சர்ப்பகந்தியின் கதை இன்னும் பெரிய பாடம். மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது உதவுவதை இந்திய மருத்துவர்கள் 1931இலேயே எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதை உட்கொண்டவர்களில் சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்ததாகப் பின்னர் அறிக்கைகள் வந்தன. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இணையத்தில் விற்ற 193 ஆயுள்வேத மருந்துகளைச் சோதித்தது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பதிவுபெற்ற வைத்தியரைக் கேட்காமல் கடைக் குப்பியை வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மூன்றாவது சிகிச்சையான மனதை மீட்பது இன்று உளவளத்துணையாளரின் வேலை. போரின் நடுவே 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைக் களிமண், வண்ணம், கதை வழியாக மெல்லப் பேசவைத்தது.

எண்ணெயும் பாலும் நேரத்துக்குப் படுப்பதும் சாதாரண நித்திரைக் குழப்பத்தைத் தணிக்கும். கெட்ட கனவுகள் வாரக்கணக்கில் விடாவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், சாக வேண்டுமென்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, எண்ணெயோடு நின்றுவிடாதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். நாட்டு மருந்து எடுப்பதை உளநல மருத்துவரிடமும், அவர் தந்த குளிசைகளைப் பரியாரியாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.