கிட் பெட்டிக்கு வெளியே ஒரு கோடை

ஏப்ரல் பிறந்ததும் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை காலை நாளிதழுக்குள் செருகி வரும் துண்டறிக்கைகளின் முகம் மாறிவிடும். நகைக்கடைத் தள்ளுபடிகள் ஒதுங்கிக்கொள்ள, ரோபோட்டிக்ஸ், ட்ரோன், கோடிங், ஏஐ என்று கோடை முகாம்கள் வரிசை கட்டும். முன்பெல்லாம் கையெழுத்துப் பயிற்சியும் அபாகஸும் ஸ்கேட்டிங்கும் இருந்த இடம் அது. அக்னி நட்சத்திரத்தில் பிள்ளையை வெளியே அனுப்பவும் முடியாது, வீட்டில் வைத்தால் போனை விட்டுக் கண் எடுப்பதில்லை. பெற்றோரின் இந்தத் திண்டாட்டத்தைப் பயிற்சி மையங்கள் நன்றாகவே புரிந்துவைத்திருக்கின்றன.

அந்த முகாம்களில் அநேகமாக ஒரு பெட்டி இருக்கும். திறந்தால் ஆர்டுயினோ போர்டு, பிரெட்போர்டு, சின்ன மோட்டார்கள், சக்கரங்கள், முன்பக்கம் பொருத்த ஓர் அல்ட்ராசோனிக் சென்சார். சேசிஸில் ஓட்டைகள் முன்கூட்டியே போட்டிருக்கும். நிரலும் முன்கூட்டியே எழுதியிருக்கும். திருகு முடுக்கி, ஒயர் செருகி, கணினியிலிருந்து நிரலை ஏற்றினால், சுவரைக் கண்டு திரும்பும் கார் தயார். வீடியோ அன்று இரவே அம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். இதே சாமான்களை ரிச்சி தெருவில் உதிரியாகவே வாங்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

பெட்டியைக் குறை சொல்வதற்கில்லை. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்து வடிவமைப்புப் பள்ளியில் ஆர்டுயினோ உருவானதே, மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் தைரியமாகத் தொட்டுப் பார்க்கட்டும் என்பதற்காகத்தான். எதுவும் தப்பாகிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அடுக்கிய பெட்டி பிள்ளைக்கு யோசிக்க இடமே விடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

அந்த அல்ட்ராசோனிக் சென்சாரையே எடுத்துக்கொள்வோம். அது அனுப்பும் ஒலி எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறோம். நிரலில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று எழுதியிருக்கும். குளிரூட்டிய அறையில் அது ஏறக்குறைய சரி. மே மாத மத்தியானம் மொட்டை மாடியில் காற்று 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஒலியின் வேகம் 355க்குப் போய்விடும். அப்போது டேப் வைத்து அளந்து இரண்டு மீட்டரில் நிறுத்திய அட்டையை, சென்சார் 191 சென்டிமீட்டர் என்று காட்டும். அந்த ஒன்பது சென்டிமீட்டர் எங்கே போனது? பதினைந்து வயதுப் பிள்ளைகள் நாலு பேருக்கு ஒரு சாயங்காலம் முழுக்க வேலை கொடுக்கும் கேள்வி இது. செலவு, ஒரு வெப்பமானி மட்டும். பெற்றோர் முகாமின் வரவேற்பறையில் விசாரிக்கும்போது "என்ன செய்யக் கற்றுக்கொடுப்பீர்கள்?" என்பதோடு, "செய்தது தப்பாகக் காட்டினால் என்ன செய்வீர்கள்?" என்றும் கேட்பது நல்லது.

இன்னொரு வேடிக்கை, இந்த முகாம்கள் நடக்கும் ஊர். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் உருவானது. 1,200 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, குறு ஆலைகள் அங்கே இயங்குகின்றன. பக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. ஆவடியில் 1965இல் விஜயந்தா டாங்கியை உருட்டி வெளியே விட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த சிவிஆர்டிஇ. இத்தனை லேத்துகளுக்கும் பிரஸ்களுக்கும் நடுவே வளரும் பிள்ளைக்கு இயந்திரவியல் என்பது அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகிறது.

பேட்டையின் பல பட்டறைகளில் பிள்ளைகள் உள்ளே நுழையும் நாள் ஆயுத பூஜை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, புது உடுப்பில், பொரிகடலைப் பொட்டலத்துக்காக வருவார்கள். அன்றைக்கு லேத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு, ஓட்டம் மட்டும் இல்லை. இயந்திரம் ஓடும் நாளில் கதவு திறக்காததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது, 18 வயது வரை ஆபத்தான வேலை எதிலும் விடக் கூடாது. இந்தச் சட்டம் ஓர் அங்குலம்கூடத் தளரக் கூடாது. ஆனால் பட்டறைக்குப் பிள்ளை போக முடியாவிட்டாலும், பட்டறையின் அறிவு பிள்ளையிடம் வரலாமே. ஆவடியிலும் பட்டாபிராமிலும் திருமுல்லைவாயலிலும் ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் டர்னர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பிளஸ் 1 இயற்பியல் செய்முறையில் வெர்னியர் காலிபரால் ஓர் உருண்டையை அளந்து, பதிவேட்டில் எழுதி, அதோடு மறந்துவிடுகிறோம். அதே காலிபர், மைக்ரோமீட்டர் கையில் இருக்க, இருபது மைக்ரான் கூடிவிட்டது என்று ஒரு ஜாப்பையே ரிஜக்ட் செய்து பழகியவர்கள் இவர்கள். ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவருக்கு ஆரம்ப மாதங்களில் கொடுக்கும் வேலை, ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரியாதபடி சமப்படுத்துவது. கோடை முகாமின் இரண்டு நாளை இதற்கு ஒதுக்கினால், பிள்ளையின் உள்ளங்கையில் கொப்புளம் வரும், 'சமம்' என்பது எவ்வளவு கஷ்டமான சங்கதி என்பதும் உறைக்கும்.

கருவிக்குப் பணம் வேண்டுமே என்போருக்கு அர்விந்த் குப்தா பல ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். கான்பூர் ஐஐடியில் படித்து டெல்கோவில் வேலை பார்த்தவர். எழுபதுகளின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தில், 1972இல் தொடங்கியிருந்த ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு சேர்ந்தார். கிராமச் சந்தையில் கிடைத்ததைக் கொண்டே அறிவியல் சொல்லித் தரத் தேடியபோது, சைக்கிள் வால்வு டியூப் அவர் கண்ணில் பட்டது. அதைத் துண்டு துண்டாக நறுக்கி இணைப்பாக்கி, தீக்குச்சிகளைச் செருகினார். சதுரம் செய்தால் ஒருபக்கம் சாய்கிறது. முக்கோணம் செய்தால் எப்படி அழுத்தினாலும் அசையவில்லை. பாலமும் மின்கோபுரமும் கூரைத் தாங்கியும் ஏன் முக்கோணங்களால் ஆகின்றன என்பதற்கு இதைவிட மலிவான விளக்கம் கிடைக்காது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

சைக்கிள் என்றதும் அம்பத்தூருக்கே திரும்பிவிடலாம். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், ஹெர்குலிஸையும் பிஎஸ்ஏவையும் நாடெங்கும் ஓடவிட்டது இந்த ஊரிலிருந்துதான். தமிழக அரசோ அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிப்போருக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் ஒரு முழு இயந்திரத்தையே கொடுக்கும் திட்டம் இது. பள்ளிக்கு வந்துபோகக் கொடுத்தது, அதற்கு உதவுகிறது, சரி. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க ஒரு பீரியட்கூட யாரும் ஒதுக்குவதில்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் எத்தனை சுற்று, 26 அங்குலச் சக்கரத்தில் அது எத்தனை மீட்டர்? கணக்குப் போட்டால் ஐந்து மீட்டருக்குச் சற்று மேலே வரும், பிறகு தெருவில் சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டிச் சரிபார்க்கலாம். ஹப்பைத் திறந்து பால்ரஸ்ஸை எண்ணி, கிரீஸ் வைத்து மூடலாம். ஃபிரீவீல் ஏன் ஒரு திசையில் மட்டும் பிடிக்கிறது என்பதற்கே ஒரு காலைப்பொழுது போய்விடும். எந்த ரோபோ கிட்டிலும் இவ்வளவு பொறியியல் கிடையாது.

அரசுத் தரப்பில் எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள், ஆய்வுப் பொருட்களோடு அரசுப் பள்ளிகளுக்கே போய்ச் சோதனைகள் செய்துகாட்டுகிறார்கள். ஆறு முதல் எட்டு வரைதான். ஒன்பதில் ஏறியதும் பொதுத்தேர்வின் நிழல் விழுந்துவிடுகிறது. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம் ஆறு முதல் பன்னிரண்டு வரை எடுத்துக்கொள்கிறது. பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு, முப்பரிமாண அச்சு இயந்திரம்வரை வாங்கலாம். ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும் மே மாதத்தில் பள்ளியோடு சேர்ந்து கூடமும் பூட்டிக்கிடந்தால், எண்ணிக்கை மட்டும் கூடி என்ன பயன்?

கோடை முகாம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லத்தக்கது, இப்பகுதியிலிருந்து வடக்கே ஒரு பகல் பயணத்துக்குள் இருக்கிறது. இஸ்ரோ 2019இல் தொடங்கிய 'யுவிகா', ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான இரண்டு வார உறைவிட முகாம். ஸ்ரீஹரிகோட்டாவும் அதன் மையங்களில் ஒன்று. விஞ்ஞானிகளோடு உரையாடல், ஆய்வுக்கூடப் பார்வை, மாதிரி ராக்கெட் விடுதல் எல்லாம் உண்டு, கட்டணம் இல்லை. ஆனால் நாடு முழுவதிலிருந்தும் ஆண்டுக்குச் சில நூறு பேர்தான். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி எடை. ஊராட்சிப் பகுதிப் பள்ளிகளில் படிப்போருக்குத் தனி மதிப்பெண் உண்டு, அது நியாயமே. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சி. கிராமத்துக்கான சலுகையும் கிடைக்காமல், நகரத்து மையத்தின் வசதியும் வாய்க்காமல் நடுவில் நிற்கும் பிள்ளைகள் இவர்கள். அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வந்துவிடுகிறது. முழுஆண்டுத் தேர்வு மும்முரத்தில் பள்ளிகள் அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த ஆண்டு முயலவும் வழியில்லை, பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

மறுபடி அந்த அல்ட்ராசோனிக் சென்சாருக்கு வருவோம். 2005இல் தில்லி ஐஐடியில் இளநிலை மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கிய ஒன்று, 2014இல் 'ஸ்மார்ட்கேன்' என்ற பெயரில் வெளிவந்தது. பார்வையற்றோரின் வெள்ளைக் கோலில் பொருத்தும் கருவி. முழங்காலிலிருந்து தலை உயரம் வரை, மூன்று மீட்டர் தூரத்துக்குள் எதிர்ப்படும் தடையை அதிர்வால் உணர்த்தும். தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். சுவரைக் கண்டு திரும்பும் பொம்மைக் காரில் இருப்பதும் இதே தத்துவம்தான். புராஜெக்ட் கருவியாக ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. கோலை நாள் முழுக்கப் பிடித்து நடப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு மாற்றினார்கள்.

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, அவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கிறது. பள்ளிக்குக் கோடை விடுமுறை என்றாலும் ஊரில் கோலோடு நடப்பவர்களுக்கு விடுமுறை இல்லை. அம்பத்தூரில் கார் செய்து முடித்த பிள்ளைகளை முகாம் நடத்துவோர் ஒருநாள் பேருந்தில் அங்கே கூட்டிப்போகலாம். தலைக்கு மேலே தொங்கும் கேபிள், மூடாத மழைநீர் வடிகால், நடைபாதையில் நிறுத்திய பைக், மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்பு என்று கோலோடு நடப்பவர்கள் சொல்லப்போகும் பட்டியலில், கார் கண்டுபிடிக்கும் சுவர் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பார்த்தாலே அடுத்த வாரத்துக்கான வேலை கிடைத்துவிடும்.