கேட்டதை எழுதுதல்: யூத இனப்படுகொலைக் கல்வி மையங்களில் மாணவர் பயிற்சிப்பணி

அமெரிக்கக் கல்விக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடப்படும் காலத்தில், யூத இனப்படுகொலையின் வரலாற்றைப் போற்றும் அருங்காட்சியகங்களும் கல்வி மையங்களும் மாணவர்களைப் பயிற்சிப்பணிக்கு ஏற்றுக்கொள்கின்றன. வாஷிங்டனில் 1993இல் திறக்கப்பட்ட தேசிய நினைவு அருங்காட்சியகமும், சிகாகோவை அடுத்த ஸ்கோக்கியில் 2009இல் திறக்கப்பட்ட இல்லினாய் மையமும் இத்தகையன. அங்கே மாணவர்கள் ஆசிரியர்களுக்கான பாடக்குறிப்புகளை ஆயத்தம் செய்கின்றனர். கடிதங்களையும் படங்களையும் பட்டியலிடுகின்றனர். உயிர்தப்பியோரின் சான்றுரைகளைக் கேட்டு எழுத்தில் வடிக்கின்றனர். இவற்றுள் இறுதியாகச் சொன்ன பணியையே நாம் இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். எளியதாகத் தோன்றினும், மொழியைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் அது உணர்த்தும் பாடம் பெரிது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றனர். கொல்லப்பட்டோருள் பெரும்பாலோரின் தாய்மொழி யிட்டிஷ். ஆதலால், மக்களோடு ஒரு மொழியின் பேச்சுலகமும் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியோரின் குரலை முதன்முதலில் ஒலியாகப் பதிந்தோருள் ஒருவர் டேவிட் போடர். லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளவியலாளரான அவர், 1946இல் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியொன்றைச் சுமந்துகொண்டு ஐரோப்பாவுக்குச் சென்று, ஒன்பது மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உரைகளைப் பதிந்தார். அவர்களுள் பலர் தமக்கு முழுமையாக வசப்படாத மொழிகளில் பேசினர். வாக்கியங்கள் பாதியில் முறிந்தன; காலங்கள் மயங்கின. அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது போடர் அந்தக் குலைவைச் சீர்செய்யவில்லை. பேசியவர் பட்ட துன்பத்தின் தடம் அக்குலைவிலும் இருக்கிறது என அவர் கருதினார்.

பயிற்சிக்கு வரும் மாணவர் முதலில் கற்கவேண்டியதும் இதுவே. பள்ளியில் நாம் அவருக்குப் பிழை திருத்தக் கற்பித்திருக்கிறோம். இங்கோ திருத்தாமல் இருக்கக் கற்கவேண்டும். ஒரு மூதாட்டி தம் தங்கையின் பெயரைச் சொல்ல வந்து, நிறுத்தி, நெடுநேரங்கழித்து வேறொன்றைப் பேசத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். மாணவர் அந்த இடைவெளியை விட்டுவிட்டு இரு வாக்கியங்களையும் இணைத்து எழுதினால், படிப்பவருக்குத் தெளிவான பத்தி கிடைக்கும். ஆனால் அங்கே ஒருத்தி இருந்தாள் என்பதற்கான ஒரே அடையாளம் மறைந்துபோகும். நாமும் இளமையில் களப்பணிக்குச் சென்றபோது முதியவர் ஒருவரின் பேச்சைச் செம்மைப்படுத்தி எழுதினோம். பல்லாண்டு கழித்து அந்தப் படியை எடுத்துப் படித்தோம். நம் நடை அதில் இருந்தது, அம்முதியவர் இல்லை. மீண்டும் சென்று கேட்க அவரும் அப்போது உயிரோடு இல்லை.

மொழிபெயர்ப்பிலும் இதே கவனம் வேண்டும். முகாம்களில் வேலைக்குரியோர் இவர், உடனே கொல்லப்படவேண்டியோர் இவர் எனப் பிரித்ததை ஜெர்மன் மொழியில் ‘செலெக்ஸியோன்’ என்றனர். தமிழில் அதனைத் ‘தேர்வு’ என்று பெயர்த்தால் நம் மாணவர் மனத்தில் வினாத்தாள்தான் தோன்றும். உயிர்தப்பியோர் பலர் வேறு மொழியில் பேசும்போதும் அச்சொல்லை ஜெர்மன் வடிவிலேயே வழங்குவதன் காரணம் இதனால் விளங்கும். மறுபுறம், கொன்றவர்கள் எழுதிவைத்த ஆவணங்களில் ‘சிறப்பு நடத்துகை’ என்னும் பொருள்படும் சொல் கொலையைக் குறிக்கிறது. அதையும் மாற்றாமல் படியெடுக்கவேண்டும்; ஆனால் அதன் உண்மைப் பொருளை அருகே குறிக்காவிடில் அப்பொய்யை நாமும் வழிமொழிந்தவர்களாவோம். உயிர்தப்பியோரின் சொல்லைக் காப்பதும் கொன்றோரின் சொல்லைத் தோலுரிப்பதும் ஒரே பணியின் இரு பக்கங்களாகும்.

பட்டியலிடுவோர்க்கும் எழுத்துப்பிழை சிறிய குற்றமன்று. ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் நகரில் உள்ள ஆவணக்காப்பகத்தில் ஏறத்தாழ 1 கோடியே 75 இலட்சம் பேரைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. ஒரே குடும்பப்பெயரை ஒவ்வொரு நாட்டு எழுத்தரும் தத்தம் காதில் விழுந்தவாறு எழுதினர். அப்ரமோவிச் என்னும் பெயருக்கு மட்டும் அங்கே 800க்கும் மேற்பட்ட எழுத்து வடிவங்கள் உண்டு. எனவே, காப்பகத்தார் எழுத்துவரிசையை மட்டும் நம்பாமல் ஒலியொப்புமையையும் கொண்டு பெயர் அட்டைகளை அடுக்கினர். உறவினரைத் தேடிவந்தோர்க்கு ஒலியியல் இவ்வாறு கைகொடுத்தது. 2020 முதல் அக்காப்பகம் மாணவர்களையும் பொதுமக்களையும் கொண்டு பெயர்களைக் கணினியில் ஏற்றிவருகிறது.

போடரின் பதிவுகளுக்கும் இத்தகைய இழப்பு நேர்ந்தது. பிரான்சின் எனோன்வில் என்னும் இடத்தில் தங்கியிருந்த அகதிகள் பாடிய பாடல்கள் அடங்கிய கம்பிச்சுருள் பல பத்தாண்டுகளாகக் காணாமற் போயிருந்தது. உண்மையில் அது ஓகாயோ மாநிலத்தின் ஆக்ரன் பல்கலைக்கழகக் காப்பகத்திலேயே, பெயர் தவறாகக் குறிக்கப்பட்டுக் கிடந்தது. பழைய பதிவுகளைக் கணினிமயமாக்கும் பணியின்போதுதான் அது வெளிப்பட்டது.

1945இல் 10 வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று 90 வயதைக் கடந்தவர். நேரில் கேட்டுத் தெளிவுபெறும் வாய்ப்பு விரைவில் முடிந்துவிடும். அதன்பின் மாணவர்கள் எழுதிவைத்த படிகளே பேசும். ஆகவே, ஆசிரியர்கள் தம் வகுப்பில் ஐந்து நிமிடப் பேச்சொன்றைத் தயக்கமும் மௌனமும் உட்பட உள்ளவாறே எழுதும் பயிற்சியைத் தரலாம். எழுதி முடித்தபின் மாணவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: இதில் பேசுபவர் அவரா, நாமா?