காடு ‘கரடு’ ஆகலாமா?

ஜங்லிகாட்டில் நம் வீட்டுப் பரண்களில், சென்னையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ்ப் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன. பார்வையற்ற நம் பிள்ளைகள் அவற்றை எப்படிப் படிப்பது? பக்கங்களை ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். மென்பொருளால் எழுத்தாக மாற்றினால், கணினியும் கைபேசியும் வாய்விட்டு வாசிக்கும்.

சுலபம்தான், ஆனால் தமிழில் ஒரு சிக்கல். பல அச்செழுத்துகளில் துணைக்காலும் ‘ர’வும் ஏறக்குறைய ஒன்றே. ‘காடு’ என்பதை இயந்திரம் ‘கரடு’ என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள் ஆயிற்றே, சொல்திருத்தியும் பேசாமல் விட்டுவிடும்! கண்ணுள்ளவர் மூலநூலைப் புரட்டிப் பார்ப்பார்; காதால் படிப்பவர் என்ன செய்வார்? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில், துதிக்கைபோல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’ வேறு.

ஆகவே மனிதக் கண் வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் பிழை திருத்தினார். இங்கும் அப்படித்தான்: கணினி வாசிக்கட்டும், நாம் புத்தகத்தில் விரல்வைத்துக் கூடவே போவோம். இடறும் இடத்தில் திருத்துவோம்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், லாப நோக்கமின்றிப் பார்வையற்றோருக்காக இப்படிப் படியெடுக்க இடம் தருகிறது. எழுத்துத் தெளிவான கதைப் புத்தகம் ஒன்றை முதலில் எடுங்கள். பழுப்பேறிய தாள்கள் பிறகு.